தெருவே கதவைச் சாத்திய நாள்

நனைந்த கோணிப்பையை வெயிலில் காயப் போட்டால் ஒரு வாசம் கிளம்பும். கோதுமைத் தூசியும் சணலும் கலந்த அந்த வாசத்தோடு கொஞ்சம் பால் வாசமும் சேர்ந்து, உள்ளங்கை இரண்டையும் நிறைக்கிற அளவில், சூடாக, நடுங்கிக்கொண்டு என் பாவாடை மடியில் வந்து விழுந்தது அந்த நாய்க்குட்டி. இன்றைக்கும் ரேஷன் கடையில் காலிச் சாக்கை உதறினால் என் கை தானாக மடியைத் தொட்டுப் பார்க்கும். வரிசையில் நிற்கிறவர்கள் கிழவி சில்லறையைத் தேடுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். நினைக்கட்டும்.

அப்போது நாங்கள் ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் போகும் கூட்ஸ் வண்டித் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு தெருவில் குடியிருந்தோம். ஒட்டி ஒட்டிக் கட்டிய ஓட்டு வீடுகள். நம் வீட்டில் தும்மினால் பக்கத்து வீட்டிலிருந்து 'நூறு' என்று குரல் வரும். விடிந்ததும் திறக்கிற கதவு விளக்கு வைத்து, சோறு தின்று, பாய் விரிக்கும்போதுதான் சாத்தப்படும். பகலில் ஒரு வீட்டுக் கதவு சாத்தியிருந்தால் அங்கே யாருக்கோ உடம்பு முடியவில்லை, இல்லாவிட்டால் பெரிய சண்டை என்று அர்த்தம், உடனே நாலு பேர் வந்து தட்டிவிடுவார்கள்.

என் நைனா ஆர்பரில் மூட்டை தூக்குகிறவர். அப்பாவை அந்தப் பக்கத்தில் நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். தானியக் கிடங்குகள் சுற்றிலும் இருந்ததால் எங்கள் தெருவில் பெருச்சாளித் தொல்லை சொல்லி முடியாது, தூங்குகிற குழந்தையின் கால் கட்டைவிரலைக் கடித்துவிட்டுப் போகும். அதற்காகத்தான் நைனா கிடங்கில் மூட்டை இடுக்கில் பிறந்து கிடந்த குட்டிகளில் ஒன்றைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். வறுத்த வேர்க்கடலைத் தோல் நிறம். ஒரு காது நிமிர்ந்து நிற்கும், ஒன்று மடிந்து தொங்கும். நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன், அதுவேதான் நான் கடைசியாகப் படித்த வகுப்பும். அதற்கு முன்னால் எனக்கென்று தனியாக எதுவும் இருந்ததில்லை. பாவாடை அக்காவுடையது, சிலேட்டு அண்ணனுடையது. மடியில் விழுந்த மறு நிமிஷமே 'முத்து' என்று பெயர் வைத்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. என் நாய்க்குப் பெயர் வைக்க யாரைக் கேட்க வேண்டும்?

ஆனால் நைனா அன்றைக்கு ராத்திரிச் சோற்றிலேயே குண்டைத் தூக்கிப் போட்டார். "தோ பாரு சரசு, நாயி நம்ம வூட்ல பட்த்துக்கும், ஆனா அது தெருவுக்கு நாயி. இங்க கீற அத்தினி பேரு கையும் அத்துக்குத் தெரியணும். இல்லன்னா ஷிப்டு முட்சிகினு வர எவனையாவது ஒரு நாளு கடிச்சி வெச்சிடும். அப்பால அத்த கட்டையாலயே அட்ச்சிப் போட்ருவானுங்க, நீ குந்திகினு அயுவணும்."

எங்கள் தெருவில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. 'கைச்சோறு' என்பார்கள். புதுக் குட்டி வந்தால், அதை எடுத்துக்கொண்டு சாயங்காலம் வீடு வீடாகப் போக வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தட்டில் வைக்காமல், தரையில் போடாமல், தன் கையில் வைத்து ஒரு வாய் ஊட்டுவார். குட்டி அந்தக் கையை மோந்து, தின்று, நக்கிவிட்டால் அந்த வீட்டு ஆளை அது ஆயுசுக்கும் கடிக்காது என்று நம்பிக்கை. ஒரு நாளோடு விடுவதில்லை, குட்டிக்குப் பல் முளைத்து ஊன்றுகிற வரைக்கும் தினமும் நடக்கும். எடுத்துக்கொண்டு போகிற வேலை என்னுடையது. பெற்ற பிள்ளையை ஊராருக்குத் தூக்கிக் கொடுக்கச் சொன்ன மாதிரி இருந்தது எனக்கு.

கிளம்புவதற்கு முன்னால் குட்டியின் மூக்கை என் கழுத்தில் வைத்து நன்றாக அழுத்திக்கொள்வேன். ஊரார் கையை மோப்பதற்கு முன்னால் என் வாசம் அதன் மண்டையில் ஏறிவிட வேண்டும் என்று எனக்கு ஓர் எண்ணம். அது திமிறி, தும்மி, என் தாடையை நக்கிவிட்டுத் தெருவைப் பார்த்து வாலை ஆட்டும்.

முதல் வீடு இட்லிக்காரக் கன்னியம்மாவுடையது. இட்லியைப் பிட்டு ஊதி ஆற்றி ஊட்டிக்கொண்டே, "வாடா என் தொரை! இன்னா கலரு, இன்னா கலரு! வெள்ளக்காரன் கெட்டான் போ" என்பாள். அவளுக்கு அது துரை. தெருக்கோடியில் ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரம்மா, ரயிலில் வேலை பார்த்த வீட்டுக்காரர் போன பிறகு தனியாக இருந்தவள், கவுன் போட்டுக்கொண்டு கோழி வளர்ப்பாள். ரொட்டி ஓரத்தைப் பாலில் நனைத்துக் கொடுத்து 'ஜிம்மி' என்பாள். "இதும் பேரு முத்துங்க" என்று நான் ஒவ்வொரு வாசலிலும் சொல்லுவேன். "ஆவட்டும், ஆவட்டும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அவரவர் பெயரையே கூப்பிடுவார்கள். அந்த வெட்கங்கெட்ட குட்டி எல்லாப் பெயருக்கும் வாலாட்டும். முத்து என்று நான் கூப்பிட்டால் மட்டும், நிமிர்ந்த காதை என் பக்கம் திருப்பிவிட்டு, முகத்தைத் திருப்பாமல் இருக்கும்.

ஆனாலும் இவர்களையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது எதிர்வீட்டு ஜமீலாவைத்தான்.

ஜமீலா என் வயதுக்காரி. அவளுடைய வாப்பா வண்ணாரப்பேட்டையில் துணிக்கடையில் வேலை பார்த்தார். நாங்கள் இருவரும் ஒன்றாகக் குழாயடியில் நின்றிருக்கிறோம், ஒருவர் தலையில் ஒருவர் பேன் பார்த்திருக்கிறோம். அவள் அம்மாவைத் தெருவே 'பாயம்மா' என்று கூப்பிடும். அவர்கள் வீட்டுக்குள் நாய் வரக்கூடாது, நாயின் எச்சில் பட்டால் மண் போட்டுக் கழுவ வேண்டும். அப்படியும் பாயம்மா கைச்சோற்றுக்கு மறுக்கவில்லை. "எல்லா வூட்லயும் குடுக்கச் சொல்ல நம்ம வூட்ல மட்டும் குடுக்கலன்னா, நாளைக்கு உங்க வாப்பாவத்தான் பாத்துக் கொரைக்கும். வாசப்படியிலயே குந்தி ஊட்டிட்டு, மண்ணு போட்டுக் கையக் கழுவிகினு உள்ள வா" என்று ஜமீலாவிடம் சொல்லிவிட்டாள்.

ஜமீலா டீக்கடைப் 'பொறை'யைக் கொண்டுவருவாள். காய்ந்த ரொட்டி மாதிரி மொறுமொறுவென்று இருக்குமே, அது. கொஞ்சம் கொஞ்சமாக ஒடித்து, அவசரமே இல்லாமல், குட்டி ஒரு துண்டை மென்று முடித்து மேலே பார்க்கிற வரைக்கும் காத்திருந்து அடுத்த துண்டைக் கொடுப்பாள். பிறகு எழுந்து, படியோரம் இருந்த மண்ணை அள்ளிக் கை கழுவிவிட்டு உள்ளே போய்விடுவாள். தூக்கமாட்டாள், கொஞ்சமாட்டாள். குட்டிக்கு அவள் வைத்த பெயரும் பொறைதான்.

நானோ என் சோற்றில் பாதியைப் போட்டேன். என் பாயில் இடம் விட்டேன். கொசு கடிக்குமென்று அக்காவின் பழைய தாவணித் துண்டால் மூடினேன். நடக்கப் பழகியதும் அது என்ன செய்தது தெரியுமா? விடிந்ததும் என் பாயிலிருந்து எழுந்து, சோம்பல் முறித்து, தெருவைக் கடந்து, தான் உள்ளே போகவே முடியாத அந்த வீட்டுப் படியில் போய் உட்கார்ந்துகொண்டது. கதவு நாள் முழுக்கத் திறந்துதான் கிடக்கும். நிலைப்படிக்கு இந்தப் பக்கம் முன்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு, உள்ளே ஜமீலா இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடக்கிறதைத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தத் தலை திரும்புகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரியும்.

"நாயிக்குப் பாயில எடம் குட்த்துட்டு, பொண்ணு மூஞ்சத் தூக்கி வெச்சிகினு குந்திகினு கீறா பாரு" என்று அம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரிப்பாள். கன்னியம்மா அவள் பங்குக்கு, "ஏண்டி சரசு, உனுக்குக் கலியாணமானா உன் புருசன் பாடு பேஜாருதான், பக்கத்து வூட்ல ஒரு வாய் தண்ணி குட்ச்சான்னாக் கூட கத முட்ஞ்சிது" என்பாள். (அவள் சொன்னது நடந்தது. அதை எழுத ஆரம்பித்தால் இது முடியாது.)

ஆள் பழக்கம் ஒரு பக்கம் நடக்க, சத்தப் பழக்கத்தை நைனா பார்த்துக்கொண்டார். அவருக்கு ஓய்வு நாளில் குட்டியைத் தண்டவாளத்துக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார வைத்து, கூட்ஸ் வண்டி வரும்போது என்னை வெல்லத்தூள் கொடுக்கச் சொல்வார். முதல் நாள் அது சத்தத்தில் சிறுநீர் விட்டது. அடுத்தடுத்து, தூரத்தில் வண்டி அதிர்ந்தாலே வெல்லம் எங்கே என்று என் கையைப் பார்க்க ஆரம்பித்தது. கப்பல் சங்கு ஊதினாலும் அப்படியே. ஐப்பசி மழையில் கோணிக் கொங்காணியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மூட்டைக்காரர்கள் பேய் மாதிரி வருவார்கள், அவர்களையும் நிறுத்தி, "தொடுங்கப்பா, ஒரு தபா தொட்டுட்டுப் போங்க" என்பார் நைனா. அவர்கள் ஈரக்கையால் தடவிவிட்டுப் போவார்கள். சாவு மேளம் போனால் பின்னாடியே கொஞ்ச தூரம் தூக்கிக்கொண்டு நடப்போம். தீபாவளி வந்தபோது மற்ற நாய்களெல்லாம் எங்கெங்கோ ஓடி ஒளிய, எங்கள் குட்டி சரவெடிச் சத்தத்தில் ஜமீலா வீட்டுப் படியில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. நைனாவுக்குத் தாங்க முடியாத பெருமை. எனக்கு, அது படுத்த இடத்தைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை.

மழை விட்டு வெயில் அடித்த ஒரு காலையில் நாய் பிடிக்கிற வண்டி எங்கள் தெருவுக்குள் வந்தது.

ஆண்களெல்லாம் வேலைக்குப் போய்விட்ட நேரம். கம்பி வலை அடித்த வண்டிக்குள் ஏற்கெனவே நாலைந்து நாய்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. காக்கிச் சட்டைக்காரர் ஒருவர், நீளமான கழியின் நுனியில் சுருக்குக் கயிற்றோடு இறங்கினார். எங்கள் குட்டி ஓடவில்லை, குரைக்கவில்லை. எப்படி ஓடும்? யார் கையை நீட்டினாலும் ஒரு வாய் கிடைக்கும் என்றுதானே அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்! வாலை ஆட்டிக்கொண்டு அந்தக் கழியை மோந்து பார்க்கத் தானே நடந்துபோய்ச் சுருக்கில் தலையை விட்டது.

நான் அலறினேன். தெரு முழுக்க வெளியே வந்துவிட்டது. "யோவ், அது எங்க தொரை, வுடுய்யா" என்று கன்னியம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். "மை ஜிம்மி, மை ஜிம்மி" என்று சட்டைக்காரம்மா கோழிகளை மிதித்துக்கொண்டு வந்தாள். ஆளாளுக்கு எங்க ராஜா, எங்க மணி என்று கத்த, காக்கிச் சட்டைக்காரர் கழியைத் தரையில் ஊன்றிக்கொண்டு எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இன்னாம்மா காதுல பூ சுத்துறீங்க? சொந்தக்காரன்னு ஒருத்தன் இருந்தா ஒரு பேருதான் இருக்கும். இத்தினி பேரு வெச்சிருந்தா அது தெரு நாயி. கய்த்துல லைசென்ஸ் வில்லையும் இல்ல, ஒரு கவுறும் இல்ல. நவுருங்க."

எனக்கு அழுகைக்கு மேலே கோபம் வந்தது. இதைத்தானே நானும் இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்! கூட்டத்துக்குள் புகுந்து சுருக்குக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "என்னுது. இது என் நாயி. பேரு முத்து" என்றேன்.

அவர் கெட்ட மனிதரில்லை. வண்டிக்குள் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி பாப்பா. சுருக்க அவுக்கறேன், நீ அங்க உன் வாசல்ல போய் நின்னு கூப்புடு. உங்கிட்ட வந்தா உன்னுது. வேற எங்க போனாலும் வண்டி. அப்பறம் அயுவக்கூடாது."

போய் நின்றேன். அவர் சுருக்கை அவிழ்த்தார். "முத்து" என்றேன். காது திரும்பியது. "முத்து, வாடா." அது என்னைப் பார்த்தது, கன்னியம்மாவைப் பார்த்தது, பிறகு வாலை நிதானமாக ஆட்டிக்கொண்டு எதிர்வீட்டை நோக்கி நடக்க ஆரம்பித்தது. அங்கே படியில் ஜமீலா உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மடியில் பாதி பொறை இருந்தது.

என் உயிர் போய்விட்டது. அப்போதும்கூட, வண்டியில் ஏற்றிவிடுவார்களே என்ற பயத்துக்குப் பக்கத்திலேயே, போகிறது பார் அவளிடம் என்கிற எரிச்சலும் சரிசமமாக உட்கார்ந்திருந்தது. அதை நான் மறைப்பதாக இல்லை.

ஜமீலா எழுந்தாள். பொறையை முக்காட்டுத் துணிக்குள் மறைத்துக்கொண்டு, குட்டி படியை எட்டுவதற்கு முன்னால் உள்ளே போய், பகல் வெளிச்சத்தில் நான் சாத்திப் பார்த்தேயிராத அந்தக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

குட்டி நின்றுவிட்டது. கன்னியம்மாவுக்கு அப்போதுதான் பொறி தட்டியிருக்க வேண்டும். இட்லிப் பானையை அப்படியே விட்டுவிட்டுத் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அது அந்தப் பக்கம் ஓடியது. சட்டைக்காரம்மா போய்ச் சாத்தினாள். பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. ஒன்றன்பின் ஒன்றாகக் கதவுகள் சாத்தப்பட்டன. கடைசியில், தெருவில் நானும் காக்கிச் சட்டைக்காரரும் நடுவில் அந்தக் குட்டியும்தான் இருந்தோம். சாத்திய கதவுகளை ஒன்று விடாமல் அது பார்த்தது. தன்னை வளர்த்த தெரு தன்னைக் கைவிட்டுவிட்டதென்று நினைத்ததோ என்னவோ, நடுத்தெருவில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் மூக்காலேயே அழுதது. எழுந்து வரவில்லை.

"முத்து, முத்து" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன். அவர் கழியை எடுத்தார்.

அப்போது நான் கூப்பிட்டேன், கூப்பிடக்கூடாதென்று நான் எனக்கே சத்தியம் பண்ணி வைத்திருந்த அந்தப் பெயரை. "பொறை!"

அம்பு மாதிரி வந்து என் மேல் விழுந்தது. அதே கோணி வாசம்.

காக்கிச் சட்டைக்காரர் சிரித்துவிட்டார். "இன்னா பாப்பா, நீயே ரெண்டு பேரு வெச்சிகினு கீறியா? கய்த்துல ஒரு கவுறாச்சும் கட்டி வை." வண்டி கிளம்பி, முனை திரும்பிய பிறகுதான் கதவுகள் திறந்தன. எல்லாக் கதவுக்கும் முன்னால் எதிர்க்கதவுதான் திறந்தது, அதுவும் ஒரு விரல்கடை அளவுக்கு. அந்தச் சந்துக்குள்ளிருந்து ஜமீலாவின் ஒரு கண்ணும் பாதிச் சிரிப்பும் தெரிந்தன.

"என் பேருலதான வந்துச்சி?" என்றாள்.

நான் அவளோடு தை பிறக்கிற வரைக்கும் பேசவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே நைனா சாக்குக் கயிற்றைத் திரித்து அதன் கழுத்தில் கட்டினார். ஊருக்கே அது சரசு வீட்டு நாய் என்று ஆனது. நாளாக நாளாகப் பெருச்சாளிகளை ஒழித்தது, எவனையும் கடிக்காமல் கிழமானது. ஜமீலா கல்யாணமாகி வாணியம்பாடிக்குப் போனாள். பாயம்மாவும் அவள் கூடவே போய்விட்டாள். அந்த வீட்டுக்கு வேறு யார் யாரோ குடி வந்தார்கள். நாய் மட்டும் விடிந்ததும் எழுந்து, தெருவைக் கடந்து, அந்தப் படியில் முன்னங்கால்களைச் சேர்த்து வைத்து உட்காருவதை நிறுத்தவில்லை. சில நாள் நானும் போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். யாருக்காக என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அந்தத் தெரு இப்போது இல்லை. வீடுகளை இடித்துக் கண்டெய்னர் லாரிகள் நிற்கிற இடமாக ஆக்கிவிட்டார்கள். நான் தண்டையார்பேட்டையில் மகனோடு மூன்றாவது மாடியில் இருக்கிறேன். ஒவ்வொரு கதவுக்கும் முன்னால் ஓர் இரும்புக் கதவு. எதிர்வீட்டில் நிவேதா என்ற பெண், ஆபீசு வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறாள். போன மாசம் ஒரு குட்டி வாங்கி, 'கோகோ' என்று பெயர் வைத்து, பூனைக்குட்டி மாதிரி பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, மாடி மாடியாக மணி அடித்துக்கொண்டிருந்தாள். "அப்புறம் வாங்க" என்று உள்ளிருந்து குரல் வந்ததே தவிர ஒருவரும் திறக்கவில்லை. என்னிடம் வந்து, "ஆன்ட்டி, ஒரு நிமிஷம் இவனக் கையில வெச்சுக்கிறீங்களா? சின்ன வயசுலயே நாலு பேரோட பழக்கணும்னு டாக்டர் சொல்லிருக்காரு" என்றாள்.

"உள்ள வா" என்றேன். பொறை இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஒடித்து, அவசரமே இல்லாமல் கொடுத்தேன்.

தினமும் வந்தார்கள். பிறகு குட்டி மட்டும் தானாக வர ஆரம்பித்தது. நேற்றுக் காலையில் என் இரும்புக் கதவுக்கு வெளியே முன்னங்கால்களைச் சேர்த்து வைத்து உட்கார்ந்திருந்தது. பின்னால் நிவேதா, "கோகோ, கோகோ, அம்மாகிட்ட வாடா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். காதை மட்டும் அவள் பக்கம் திருப்பியது. நான் நிமிர்ந்து அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அந்தச் சிரிப்புக்குக் கீழே இருந்தது என்னவென்று எனக்குத் தெரியாதா?

கையிலிருந்த பொறையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். சாத்திவிட்டு, கதவில் காதை வைத்து நின்றேன். பிறகு சின்ன நகங்கள் தரையில் கீறிக்கொண்டு எதிர்வீட்டுப் பக்கம் போகிற சத்தம் கேட்டது. ஒரு விரல்கடை திறந்து, 'என் பேருலதான' என்கிற மாதிரி ஏதாவது சொல்ல வாய் துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

அங்கே ஒரு தெரு பகலில் கதவைச் சாத்தியதை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். இங்கே எல்லாக் கதவும் எந்நேரமும் சாத்தியே கிடப்பதால், நான் என் கதவைச் சாத்தியதை யாரும் கவனிக்கவில்லை, அந்தக் குட்டியைத் தவிர.